ஏறியது எத்தனை, இறங்கியது எத்தனை

முத்து,

உனக்குத் தமிழ் தடவித் தடவித்தான் வரும் என்று தெரியும். தடவியே படி. கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை, வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் கேட்பதில்லை, அதனால் தாளில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடப் போகிறேன். உன் சித்தப்பா, அத்தைகள், தாராவியிலும் மான்குர்திலும் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் படிக்கட்டும். என்னைத் தனியாக நீ ம்யூட் பண்ணி வைத்திருக்கலாம். குரூப்பில் இருந்து நீ வெளியேறவில்லை. உன் பங்குச்சந்தைப் புத்திமதியை எல்லாம் அங்கேதானே தினமும் கொட்டுகிறாய்.

நேற்று காலை கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். விக்ரோலியிலிருந்து செல்வியின் அப்பா போன் பண்ணினார். முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, பந்தி விஷயமாகத்தான் பேச வருகிறார் என்று நினைத்தேன். மனிதர் நேரே விஷயத்துக்கு வரவில்லை. வெயில் எப்படி, தண்ணீர் வருகிறதா என்று சுற்றி வளைத்துவிட்டு, "தங்கச்சி, நான் படிக்காதவன், தப்பா நெனச்சுக்கிடாத. மாப்பிள்ள முந்தாநாள் போன்ல சொன்னாரு, பிரெட்டு சரியில்ல மாமா, கல்யாணத்த ஆறு மாசம் தள்ளி வைப்போம்னு. பிரெட்டுன்னா ரொட்டிதானே? ரொட்டி சரியில்லன்னா கல்யாணத்த ஏன் தள்ளணும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் அவர் சொன்னது காதில் ஏறியது. செம்பூர் ஹாலுக்குப் போன் பண்ணிக் கேட்டால், நீ போன வாரமே கேன்சல் பண்ணிவிட்டாய் என்கிறார்கள். பெற்றவளுக்குத் தெரியாது, பெற்றவனுக்குத் தெரியாது. தேதி போனது ஹால் மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறது.

ரொட்டி இல்லை, பிரெட்த், சந்தையின் அகலம் என்று அந்த மனிதருக்கு நான் எப்படி விளக்குவது? விளக்கினால்தான் என்ன சொல்வது? "அண்ணாச்சி, ஏறுகிற பங்குகளைவிட இறங்குகிற பங்குகள் அதிகமாக இருப்பதால் உங்கள் மகளை என் மகன் இப்போது கட்டிக்கொள்ள மாட்டான்" என்றா? முப்பது வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவள் நான். ஃபோர்ட்டில் ஒரு புரோக்கர் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, டீலராகி, கடைசியில் சந்தை ஆய்வு பார்க்கிற மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். இத்தனை காலத்தில் சந்தையைக் காட்டித் தாலியைத் தள்ளி வைத்த ஒருவனை நான் பார்த்ததில்லை. அந்தப் பெருமை என் வயிற்றில் பிறந்தவனுக்குத்தான் என்று எழுதி வைத்திருக்கிறது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், இதே அகலத்தைப் பற்றி நான் இரண்டு வருஷமாகத் தொண்டை வறளச் சொன்னபோது நீ காது கொடுக்கவில்லை என்பது. உன் ஆபீஸ் நண்பர்கள் போனில் ஏதோ ஆப்பைப் போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இண்டெக்ஸ் எத்தனை என்று கத்திக்கொண்டே வருவாய். அப்பா பை தைக்கிற தாராவிப் பட்டறையிலிருந்து வந்து, கையில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "ஏறுனது எத்தன, இறங்குனது எத்தனல?" நீ தலையில் அடித்துக்கொள்வாய். "யம்மா, இண்டெக்ஸ் ரெக்கார்ட் போட்டிருக்கு, நீ என்ன எண்ணிக்கிட்டு இருக்க? டென்ஷன் மத் லோ, கவலய விடு. அதெல்லாம் உங்க காலத்து ஐட்டம்."

எங்கள் காலத்து ஐட்டம்தான். இண்டெக்ஸ் என்பது சில பெரிய கம்பெனிகளை வைத்துப் போடுகிற கணக்கு, அதிலும் பெரியது எதுவோ அதற்கே எடை அதிகம் என்று உனக்கு எத்தனை தரம் சொன்னேன். தீபாவளிக்கு முந்தின வாரம் தாராவி மெயின் ரோட்டில் நாலு பெரிய ஷோரூமில் கூட்டம் நெரிகிறது என்று வைத்துக்கொள். உள்ளே சந்துகளில் பட்டறைகள் பாதிக்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிடக்கின்றன. மொத்த விற்பனையைக் கூட்டிப் பார்த்தால் போன வருஷத்தைவிட அதிகமாகக்கூட இருக்கும். அதற்காகத் தாராவியில் வியாபாரம் கொழிக்கிறது என்று உன் அப்பாவிடம் போய்ச் சொல்வாயா? செருப்பால் அடிப்பார். சந்தையும் அப்படித்தான். இரண்டு பேங்கும் ஒரு பெரிய கம்பெனியும் தூக்கினால் இண்டெக்ஸ் ஏறிவிடும். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருக்கும். உன் கண்ணுக்குப் பச்சை எண் மட்டும் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதைக் கையால் எண்ணுவோம். சந்தை மூடியதும் முதலாளி கேபினில் இருந்து கத்துவார், "கித்னே ஊபர், கித்னே நீச்சே?" எத்தனை மேலே, எத்தனை கீழே. அவர் இண்டெக்ஸைக் கேட்கவே மாட்டார். ஏறியதில் இருந்து இறங்கியதைக் கழித்து, வந்ததை நேற்று வரைக்குமான கூட்டுத்தொகையோடு சேர்த்து, கிராஃப் தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நாள்தோறும் வைத்தால் அது ஒரு கோடாகும். இண்டெக்ஸ் கோடு மேலே போக, இந்தக் கோடும் கூடவே மேலே போனால் சந்தைக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். இண்டெக்ஸ் மேலே போக, இது கீழே சாய ஆரம்பித்தால், சில பேர் மட்டும் சுமக்கிறார்கள், மற்றவர்கள் தோளை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, எண்ணுகிற வேலை போனது, அர்த்தம் போகவில்லை. இன்று உன் போனிலேயே அந்த எண்ணிக்கை இருக்கிறது. இரண்டு தட்டு தட்டினால் வரும். அந்த இரண்டு தட்டுக்குத்தான் உனக்கு வலித்தது.

நிச்சயதார்த்தம் முடிந்த சமயம் நடந்ததைச் சொல்கிறேன். குரூப்பில் இருப்பவர்களுக்கு உன் பக்கக் கதை மட்டும்தான் தெரியும், என் பக்கத்தையும் கேட்கட்டும். நீயும் செல்வியும் டோம்பிவிலியில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குப் பணம் சேர்த்தீர்கள். பில்டர் கேட்கிற வரைக்கும் அதைச் சும்மா வைப்பானேன், சின்னக் கம்பெனிப் பங்குகளில் போட்டால் ஹாலும் கிச்சனும் பெரிதாகக் கிடைக்கும் என்று நீ அவளிடம் சொன்னாய். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேட்டதை எல்லாம் சரி என்று தலையாட்டுகிற பெண் இல்லை. ஓய்வு நாளில் சீதாப்பழம் வாங்கிக்கொண்டு தனியாக நம் வீட்டுக்கு வந்தாள். அப்பா பட்டறைக்குப் போயிருந்தார், நீ ஆபீஸில். பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு உட்காரக்கூட இல்லை.

"அத்தே, உங்க மகனப் பத்திக் கேக்கல. மார்க்கெட்டப் பத்திக் கேக்கேன். நெஜமாவே தெம்பா இருக்கா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறாய்? அந்தச் சமயத்தில் இண்டெக்ஸ் தினமும் புது உச்சம். ஆனால் ஒரு வருஷத்தில் இல்லாத விலைக்கு ஏறிய பங்குகளின் எண்ணிக்கை வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தது, ஒரு வருஷத்தில் இல்லாத விலைக்கு விழுந்தவை கூடிக்கொண்டே வந்தன. "தெம்பா இல்லம்மா. எப்ப விழும்னு எனக்குத் தெரியாது, விழாமக்கூடப் போகலாம். ஆனா கொஞ்சப் பேருதான் தூக்கிக்கிட்டு நிக்கான்" என்றேன். அவள் "போதும் அத்தே" என்றாள். மறுநாளே சேர்த்த பணத்தில் தன் பங்கை எடுத்து பேங்க் டெபாசிட்டில் போட்டுவிட்டாள். உன் பங்கை நீ சின்னக் கம்பெனிகளில் போட்டாய்.

அன்று சாயங்காலம் நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே. "நீ எனக்கு அம்மாவா, அவளுக்கு அம்மாவா? என் பின்னாடி ஏன் பேசுன?" என்றாய். உன் பின்னால் யார் பேசினது? உன் முன்னால் இரண்டு வருஷமாகப் பேசியதைத்தான் அவளிடமும் சொன்னேன். அவள் கேட்டாள், நீ கேட்கவில்லை. அப்பா, "ஏலே, சாப்பிட்டுட்டுச் சண்ட போடு" என்றார். நீ சாப்பிடவில்லை. அந்த வாரமே டோம்பிவிலியில் நண்பனோடு ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். செம்பூரில் நம் வீட்டில் இருந்து ஆபீஸ் பக்கம், டோம்பிவிலியில் இருந்து தினமும் ரயிலில் நசுங்க வேண்டும். அம்மா மேல் உள்ள கோபத்துக்கு முதுகெலும்பைத் தண்டித்த ஒரே பிள்ளை நீதான்.

அதற்குப் பிறகு என்ன ஆனது? சந்தை ஏறியது. ஒன்றிரண்டு வாரம் இல்லை, மாசக் கணக்கில். நீ தினமும் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போட்டாய், கீழே சிரிக்கிற பொம்மை வேறு. மான்குர்த் அத்தை எனக்கே போன் பண்ணி, "என்ன மதினி, ஒங்க எண்ணிக்க என்னாச்சு?" என்றாள். செல்வியிடம் நீ, "எங்கம்மா பேச்சக் கேட்டு எவ்வளவு விட்ட பாரு" என்று சொல்லிக்காட்டினாய். அவள் என்னிடம் ஒரு வார்த்தை முறையிடவில்லை. நான்தான் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். நான் சொன்னது தப்பு என்பதால் இல்லை. சரியாகச் சொல்லியும் நிரூபிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது பல்வலி மாதிரி, வெளியே யாருக்கும் தெரியாது. அகலம் குறைகிறது என்பது சந்தையின் உடம்பைப் பற்றிய செய்தி. அது கடிகாரம் இல்லை. மெலிந்துபோன சந்தை அதே மெலிவோடு எத்தனையோ நாள் ஓடும். ஓடும்போது, மெலிவைச் சொன்னவள் கோட்டிக்காரியாகத் தெரிவாள். ஆபீஸிலும் எனக்கு இது நடந்திருக்கிறது, அங்கே சம்பளம் கொடுத்தார்கள், பொறுத்துக்கொண்டேன்.

பிறகு உன் சின்னக் கம்பெனிகள் சரிய ஆரம்பித்தன. இண்டெக்ஸ் அப்போதும் உச்சத்துப் பக்கத்தில்தான் நின்றது, அதனால் செய்தியில்கூட அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. எனக்கு எண்ணிக்கையில் தெரிந்தது. ஒன்று ஏறினால் மூன்று இறங்குகிற நாட்கள் அடுத்தடுத்து வந்தன. உனக்குப் போன் பண்ணினேன். அப்போது நீ எடுத்துக்கொண்டிருந்தாய். "ஏலே, பாதியையாவது வித்திரு" என்றேன். "இண்டெக்ஸ் ஜபர்தஸ்த்தா நிக்குது யம்மா, நீ பயப்படாத" என்றாய். இண்டெக்ஸை யாரடா கேட்டது? நீ வைத்திருப்பது இண்டெக்ஸா? நீ வைத்திருப்பது அந்த ஷட்டர் இறக்கிய பட்டறைகளை! கடைசியில் பெரிய கம்பெனிகளும் இறங்கி இண்டெக்ஸும் விழுந்தபோதுதான் ஊருக்கே தெரிந்தது. அதற்குள் உன்னுடையதில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் அடிமட்டத்தில் விற்றாய். நீ சொல்லவில்லை. ஸ்கிரீன்ஷாட் நின்றுபோனதில் இருந்து நான் தெரிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தாய். மீன் குழம்பு வைத்திருந்தேன். தலை நிமிராமல் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாய். அப்பா வவ்வால் மீனின் நடுத்துண்டைத் தன் தட்டில் இருந்து எடுத்து உன் தட்டில் வைத்தார், அவ்வளவுதான். கை கழுவிவிட்டு வந்து, "யம்மா, அந்த எண்ணிக்கைய எப்படிப் பாக்கணும்?" என்றாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. என்ன போனால் என்ன, பிள்ளை கேட்டானே என்று இருந்தது. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஏறியது இறங்கியது, புது உச்சம் புதுப் பள்ளம், ஏறிய பங்குகளில் எவ்வளவு கைமாறியது, கடந்த இருநூறு நாள் சராசரி விலைக்கு மேலே எத்தனை பங்குகள் நிற்கின்றன, எல்லாம். நீ டீயைக்கூட ஆறவிட்டுக் கேட்டாய். நான் ஒரு முட்டாள். பிள்ளைக்குப் பசி என்று நினைத்தேன். உனக்கு வந்திருந்தது பசி இல்லை, பயம்.

அன்றிலிருந்து நீ சாமியாடியாகிவிட்டாய். இண்டெக்ஸைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டேன் என்றவன், இப்போது அகலத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அப்பாவுக்குப் பெரிய பை ஆர்டர் ஒன்று வந்தது. "பிரெட்த் வீக்கா இருக்கு, புது ஆள் வைக்காதீங்க" என்றாய். அவர் முறைத்துவிட்டு நாலு பேரை வைத்து ஆர்டரை முடித்துக்கொடுத்தார். சித்தப்பா மகன் ஸ்கூட்டர் வாங்கப்போனால் தடுத்தாய். அத்தை பேத்தியின் ஸ்கூல் அட்மிஷனுக்குக்கூடச் சந்தையைப் பார்க்கச் சொன்னாயாமே, நிஜமா? லோக்கல் ரயிலில் ஏறுவதற்கு முன்னாலும் எத்தனை பங்கு ஏறியது என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாயா? பார்க்கவே கூடாது என்கிற பைத்தியத்துக்கும், பார்த்ததைத் தவிர வேறில்லை என்கிற பைத்தியத்துக்கும் நடுவில் ஒரு நாள்கூட நிற்க உன்னால் முடியவில்லை.

இன்னும் கேள். நீ பார்ப்பதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. குரூப்பில் நீ தினமும் போடுவது அந்த இருநூறு நாள் சராசரிக் கணக்கு ஒன்றை மட்டும்தான். அது ஆமை. இருநூறு நாள் சுமையை முதுகில் வைத்துக்கொண்டு நடப்பது, திரும்புவதற்கு நாளாகும். தினசரி எண்ணிக்கையைப் பார்த்தாயா? கடந்த சில வாரமாக ஏறுபவை அதிகம், இறங்குபவை குறைவு. இண்டெக்ஸ் இன்னும் கீழேயே கிடக்கிறது, பெரிய கம்பெனிகள் அசையவில்லை. ஆனால் உள்ளே சந்துகளில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. புதிதாகப் பள்ளத்தில் விழும் பங்குகள் அநேகமாக நின்றுவிட்டன. மேலே இருக்கும்போது மெலிவைக் காட்டுகிற அதே எண்ணிக்கைதான் கீழே இருக்கும்போது தெம்பையும் முதலில் காட்டும். இதையும் அன்றைக்கு உனக்குச் சொன்னேன், நீ கெட்ட செய்தியை மட்டும் எழுதிக்கொண்டு போனாய். ஆக, உன் சாஸ்திரப்படியே பார்த்தாலும் நீ கல்யாணத்தைத் தள்ளி வைத்தது தப்பு.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, "ஓ, எண்ணிக்கை திரும்பிவிட்டதா, அப்படியானால் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம்" என்று நீ வந்து நின்றாயானால், விளக்குமாற்றை எடுப்பேன். நாளைக்கே இந்த எண்ணிக்கை மறுபடி சாயலாம். அப்போது என்ன செய்வாய், தாலியைத் திருப்பி வாங்குவாயா?

நேற்று செல்வியின் அப்பா போனை வைத்த பிறகு, சாயங்காலம் டியூட்டி முடிந்து செல்வி நேராக இங்கே வந்தாள். கையில் பழம் இல்லை. அப்பாவும் இருந்தார். இந்தத் தரம் அவள் உட்கார்ந்தாள்.

"அத்தே, மாமா, நான் தேதிய மாத்தப் போறதில்ல" என்றாள். "ஹால் போனாப் போகுது, கோயில்ல வச்சுக்கிடுவோம். பிரெட்த்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவங்க பங்கு மொத்தமும் போயிட்டு, அதான் விசயம். அத எங்கிட்டச் சொல்ல மாட்டேங்காங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"மாமா, ஆஸ்பத்திரில இருக்கேன். ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுற ஆளப் பாத்தாத் தெரியாதா?" சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்தது. "எனக்கு வீடு வேண்டாம் அத்தே. வாடகைக்கு இருந்துக்கிடலாம், ரெண்டு பேரும் சம்பாதிக்கோம். அவங்க வாயால 'போச்சு செல்வி'ன்னு ஒரு வார்த்த சொல்லணும். அத மட்டும் அவங்க சொல்லட்டும். இப்பமே சொல்லாதவங்க, நாளைக்கி எனக்கு ஒடம்பு சரியில்லன்னு டாக்டர் சொன்னா, அதையும் இப்படித்தான மறைப்பாங்க?"

நான் இத்தனை மாசமாக உன்னோடு சந்தையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரே பேச்சில் விஷயத்துக்கு வந்துவிட்டாள். உனக்குப் பணம் போனதில் வருத்தம் இல்லையடா, அவள் செய்தது சரியாகப் போனதில்தான் உனக்கு வருத்தம். அவள் பங்கு பத்திரமாக இருக்கிறது, உன் பங்கு இல்லை. அந்த முகத்தோடு மணவறையில் உட்கார உனக்குக் கூச்சம். ஆறு மாசத்தில் சந்தை ஏறும், மறுபடி போட்டு, விட்டதை எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் சமமாகிவிடலாம் என்று கணக்குப் போடுகிறாய். அதற்கு அகலம் என்று பெயர் வைத்திருக்கிறாய். நான் உயிரைக் கொடுத்துக் கற்றதை, ஒளிந்துகொள்ளப் போர்வையாக்கிவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

செல்வி போன பிறகு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, விக்ரோலிக்குப் போவோம்" என்றார். அவர் சம்பந்தி வீட்டுக்குப் போவதற்கு மூன்று நாள் யோசிக்கிற ஆள் என்று உனக்குத் தெரியும். போனோம். செல்வி வீட்டில் எல்லாரும் இருந்தார்கள், அவள் அம்மாவின் கண் வீங்கியிருந்தது. அவள் அப்பா பழையபடி ரொட்டி, வெயில் என்று ஆரம்பிக்கவில்லை. நேராகக் கேட்டார்.

"மச்சான், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தேதி அப்படியே இருக்கட்டும்னு எம்மக சொல்லுதா. நான் சொந்தக்காரனுக்கெல்லாம் சொல்லிப்புட்டேன். அன்னிக்குக் காலைல மாப்பிள்ள வருவாரா?"

வருவான் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, முத்து. ஆயிரம் பங்குகள் அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று ஒரு கருத்தாவது சொல்லிவிடுவேன், உன் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்தும் இல்லாமல் போனது. அப்பாதான் பேசினார். அவர் பட்டறையில் சரக்கு முழுக்கத் தைத்து அடுக்கி வைக்கிற வரைக்கும் "நாளைக்கு ரெடி" என்றுகூட வாய் விட்டுச் சொல்லாதவர். அவர் சொன்னார்.

"வராம எங்க மச்சான் போவான்? எம்மவன். வருவான்."

செல்வியின் அப்பா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது ரயிலில் நின்றுகொண்டே அப்பாவிடம், "எத வச்சு அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "எத வச்சும் இல்ல" என்றார். ஸ்டேஷன் வருகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று சாயங்காலம் செல்விக்கு டியூட்டி சீக்கிரம் முடிகிறது. அவள் உனக்குப் போன் பண்ண மாட்டாள், நீ பண்ண வேண்டும். சந்தையைப் பற்றிப் பேசாதே. "போச்சு" என்று சொல், பிறகு அவள் பேசட்டும். கோயிலில் ஐயரிடம் பேசியாயிற்று, முகூர்த்தம் அதே நேரம். உன் வேட்டியை நான் எடுத்து வருகிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் நானும் அப்பாவும் விடியும்போதே அங்கே இருப்போம், பெண் வீட்டார் பக்கம் உட்கார்ந்திருப்போம். எனக்காக நீ வர வேண்டாம், நான் உன்னைத் திட்டிக்கொண்டே இருப்பேன், இன்னும் இருபது வருஷத்துக்குப் பாக்கி இருக்கிறது. உன் அப்பா வாழ்க்கையில் முதல் தரமாக, கையில் ஒன்றும் இல்லாமல், வெறும் உன் பெயரை மட்டும் வைத்து ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்காக வா.

அம்மா